சிதம்பரம் கடைத்தெரு: கடிதம்

அன்புள்ள ஐயா,

எண்பதுகளில் அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். சிதம்பரம் கடைத்தெரு முழுக்கக் கோயிலால் வந்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கே இல்லை என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, மயிலாடுதுறை

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் சொல்வதில் பாதி சரி. நான்கு வீதிகளும் தேரோடும் வீதிகள். ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் கீழ வீதி நிலையிலிருந்து புறப்பட்டுச் சுற்றி வரவேண்டும், அதற்கேற்ற அகலம். பூக்கடையும் பூஜைச் சாமான் கடையும் அதையொட்டி வந்தவை. சம்பா அறுப்பு முடிந்து காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஜவுளி எடுக்க வரும் கூட்டம் தனி.

ஆனால் பக்தர் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிடுவார். மாணவர் அப்படியில்லை. 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது உறைவிடப் பல்கலைக்கழகம். படிக்க வந்தவர் அங்கேயே தங்கினார். முதல் வாரம் வாளி, பூட்டு, பாய், கொசுவலை. அப்புறம் தையல்கடை, வாடகை சைக்கிள், மெஸ். ஆய்வு மாணவர் என்றால் கடைசியில் டைப்பிங்கும் பைண்டிங்கும். ரயில் பாதைக்குக் கிழக்கே விடுதி, மேற்கே கடை. கடன் நோட்டில் வருஷக்கணக்காகப் பெயர் நிற்கும் வெளியூர்க்காரரை இந்த ஊருக்குக் கொடுத்தது பல்கலைக்கழகம்தான். 1979-இல் தொலைதூரக் கல்வி வந்த பிறகு, வேலையில் இருந்துகொண்டே படித்தவர்களும் வகுப்புக்கும் தேர்வுக்கும் வந்து லாட்ஜுகளில் தங்கினார்கள்.

1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இந்தப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் சுட்டு இறந்தார். ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவை எழுதுகிறவர் அந்த நாளை விட்டுவிடக் கூடாது.

எனக்கு வருத்தம் வேறொன்றில். 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றதும் உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் ஏராளமானோர் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். படிப்பு முடித்துப் போகும் மாணவர் இடத்துக்கு அடுத்த ஜூனில் இன்னொருவர் வருவார். குடும்பத்தோடு பெயர்ந்துபோன ஊழியருக்குப் பதிலாக யார் வருவது? மாதம் பிறந்ததும் மளிகைக்கும் ஜவுளிக்கும் வந்துகொண்டிருந்த சம்பளம் அது. பெரிய ஷோரூம் வந்ததைவிட இந்த அடிதான் சின்னக் கடைகளுக்குப் பெரிது என்பது என் எண்ணம்.

நீங்கள் எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள், என்ன விலை, கடன் கொடுத்தார்களா என்று விரிவாக எழுதி அனுப்புங்கள். தனியாகவே வெளியிடுகிறேன்.