மூடிக்கிடக்கும் ஷாப்பிங் மாலை இடித்து வீடு, கடை, அலுவலகம் எல்லாம் கலந்த நகர மையமாக மாற்றினால் மக்கள் நடந்து வருவார்களா?

வருவார்கள், தெரு இருந்தால். உங்கள் பக்கத்து மால் ஒன்றுக்குப் போட்ட வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மரம், சைக்கிள், காபி மேஜை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, அதில் தெருக்கள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள்.

நான் சாலை, வடிகால் வடிவமைக்கும் பொறியாளன். இப்படியொரு மால் மாற்று வேலையில் சில வருஷம் இருந்தேன். இடிப்பதுதான் பெரிய வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள், எங்களை இழுத்தடித்தது பத்திரம். பல மால்களில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்குக் கட்டடமும் பார்க்கிங்கும் தனிச் சொத்தாக இருக்கும், பார்க்கிங்கை மாற்ற மற்ற உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும் என்று பழைய ஒப்பந்தமும் இருக்கும். எங்கள் திட்டத்தில், கடையை மூடி வெகுநாளான ஓர் உரிமையாளர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. குறுக்குத் தெரு அவர் எல்லையோடு நின்றுவிட்டது.

மாலின் பின்பக்கம் சரக்கு லாரி நிற்கும் இடம், அதை ஒட்டி நீள மதில், அதற்கு அந்தப் பக்கம் வீடுகள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தவர்கள் காரெடுத்துச் சுற்றி வந்தார்கள். மதிலை உடைத்து இரண்டு பக்கத் தெருவையும் சேர்க்கவேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன். வண்டி நடமாட்டம் கூடும் என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள், அது நியாயமான பயம்தான். கடைசியில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான வழி திறந்தது. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வயசானவர்களும் அதில்தான் வருகிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஒரே அனுபவத்தை வைத்துப் பேசுகிறான் என்பீர்கள். சரி, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் லேக்வுட் நகரைப் பாருங்கள். அங்கே 1966-இல் திறந்த வில்லா இத்தாலியா மால் 2001-இல் மூடியது. அந்த இடத்தில் 2004-இல் திறக்கத் தொடங்கிய பெல்மார், பொதுத் தெருக்களும் பூங்காக்களும் பஸ் வசதியும் உள்ள இருபதுக்கு மேற்பட்ட தெருக்கட்டங்களாக எழுந்தது. தெரு பொதுவில் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன், தனியார் தெருவென்றால் இரவில் கேட்டைப் பூட்டலாம், பிடிக்காதவரை வெளியே அனுப்பலாம். வாடகை ஏறி ஏற்கெனவே இருந்த சின்னக் கடைக்காரர்கள் போய்விடுவார்கள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள், உண்மைதான், அதற்காக, ஒரு பங்கு கடைகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கவேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே கேட்டு வாங்கவேண்டும்.

யோசனையும் புதிதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1956-இல் திறந்த சவுத்டேல் மாலை வடிவமைத்த விக்டர் க்ரூன், சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி எல்லாம் வரவேண்டும் என்றுதான் திட்டம் போட்டார். ஆனால் அந்த மாலுக்குச் சுற்றிலும் கடைசியில் அமைந்தது பார்க்கிங்தான்.

அப்புறம் ஒரு ஆதங்கம். பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தை ஏன் வேலை நாளில் பகல் பத்து மணிக்கு வைக்கிறார்கள்? பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர், கடையில் நிற்கிறவர் யாரும் வரமுடியாது, வந்தவர்கள் சொன்னதே ஊர்க் கருத்தாகக் கோப்பில் ஏறிவிடும். உங்கள் பக்கத்திலும் அப்படி நேரம் போட்டிருந்தால், இரவு ஏழு மணிக்கு மாற்றச்சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்.