புரை எடுத்த பிறகும் எழுத்தில் நிழலா?

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். அஸ்தம்பட்டியில் நின்றால் ஏற்காடு பஸ் போர்டு எழுத்து நிழல் விழுந்த மாதிரி தெரிகிறதாம். லென்ஸ் சரியில்லையா?
– வாசகர், சேலம்

பதில்: லென்ஸ் மேல் உடனே பழி போடாதீர்கள். கருவிழி பந்து போல் சீராக இல்லாமல் கரண்டி முதுகு மாதிரி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் வருவதுதான் இந்த அஸ்டிக்மாடிசம், கண்ணாடிக் கடைக்காரர் சொல்லும் ‘சிலிண்டர் பவர்’. அம்மாவுக்கு முன்பே இருந்திருக்கலாம், சாதாரண லென்ஸ் அதைச் சரிசெய்யாது. வெட்டும் ஒரு காரணம்: ஃபேகோவில் (மீயொலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை) 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, கையால் புரையை எடுக்கும் முறையில் சுமார் 6 மில்லிமீட்டர், தையலும் போட்டிருந்தால் வளைவு இன்னும் மாறும். சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் டோரிக் லென்ஸா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், அது 10 டிகிரி திரும்பினாலே பலனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கண் வறட்சியும் மங்கலாக்கும் (சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறாரா?). காயம் ஆற 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் கண்ணாடி வாங்கினால் காசு வீண். வலி, சிவப்பு, திடீர் மங்கல் என்றால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.