‘கத்துது’ என்ற ஒரு சொல்

கேள்வி: கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையைச் சினிமாவாக எடுத்தால் யார் நடிக்கப் பொருத்தமாக இருப்பார்? கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அவர் பாட்டு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினேன். ‘ஏனுங்ப்பா, இந்தப் பாட்டி இப்படிக் கத்துது?’ என்று கேட்டுவிட்டாள்.
– வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: யார் நடிப்பது என்பதைப் படம் எடுக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘கத்துது’. பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறாள். வருத்தமெல்லாம் உங்கள் மேல்தான். தேரை இழுத்துவந்து திண்ணைக்குள் நிறுத்தினால் இடிக்கத்தானே செய்யும்? அந்தக் குரலைப் போய் உள்ளங்கை அகலப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறீர்களே.

கத்தினால் சொல் உடைந்துவிடும். சந்தையில் கத்தி விற்கிறவர் என்ன சொல்கிறார் என்பது நமக்கு முழுசாகக் கேட்பதில்லை. பாதியை நாமே ஊகித்துக்கொள்கிறோம். சுந்தராம்பாள் பாடும்போது எங்கேயாவது ஒரு ழகரம் மங்கியிருக்கிறதா? ‘பழம் நீயப்பா’ பாட்டில் ‘பழம்’ என்று அவர் உச்சியில் போய் நிற்கும்போதுகூட அந்த ‘ழ’ நாக்கில் சுருண்டு, அப்புறம் ‘ம்’ வந்து உதடு மூடுகிற வரைக்கும் கேட்கும். இன்று எல்லா வசதியும் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுகிறவர்களிடம் அந்த ஒரு எழுத்தைக் கேட்டு வாங்க முடியவில்லை. அவர் செய்தது சொல்லைக் கடைசி ஆள் வரைக்கும் எட்டவைக்கிற வேலை. அதற்குக் கத்தல் என்று பெயர் வைத்தால் எனக்குப் பொறுக்காது.

அவருடைய முதல் மேடையே ரயில் பெட்டி. 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். அப்பா துணை இல்லாத ஏழைக் குடும்பம். ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகிற பாதையில் கொடுமுடி ஒரு நிலையம். அந்த ரயில்களில் பாடிக் காசு வாங்கிய குழந்தை அவர். நீராவி எஞ்சின் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரச் சத்தம், சன்னல் பலகை ஆடுகிற சத்தம், கைக்குழந்தை அழுகை. இத்தனைக்கும் நடுவில் ஓர் எட்டு வயதுப் பிள்ளை பாடி, கடைசிப் பலகையில் தூங்கி வழிகிற ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் அன்றைக்கு வீட்டில் சோறு. ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேச ஐயர் அப்படித்தான் அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்கு வழி காட்டினார் என்று சொல்வார்கள். அப்புறம் வேலு நாயர் நாடகக் கம்பெனி. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளை வேஷம். பசியை நடிக்க அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. மேலே தகரம், பக்கவாட்டில் தட்டி, வெளிச்சத்துக்குக் கேஸ் லைட். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை ஆட்டம். ஸ்பெஷல் நாடகம் என்றால் ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், சிரிக்கவைக்கிற பபூன் வேறெங்கிருந்தோ வருவார். ஒத்திகை என்பதே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். மிச்சத்தை மேடையிலேயே பார்த்துக்கொள்வார்கள். காலால் மிதித்துக் காற்றடித்து இரண்டு கையாலும் வாசிக்கிற ஹார்மோனியம் பக்கத்தில் இருக்கும். அதன் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் சுருதியைச் சொல்வார்கள். இன்றைய கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். நாடக மேடையில் ஆண்களே நாலு கட்டைக்கு மேலே ஏறி நின்றார்கள். வீம்புக்காக ஏறவில்லை. மனிதக் காது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் மற்றதைவிடக் கூர்மையாகப் பிடிக்கும். குரலில் அந்தப் பகுதி பலமாக இருந்தால் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிப் போகும். நாம் ‘கணீர்’ என்று சொல்கிறோமே, அது இதுதான். வெண்கலக் குரல் என்று அவரைப் புகழ்கிறவர்கள் அதைப் பிறவிச் சொத்து போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராத்திரி ராத்திரியாக, ஊர் ஊராகத் தட்டித் தட்டி வார்த்த வெண்கலம் அது.

மைக் என்று வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் நான் மைக்கைத் தொட்டால் ஒலிபெருக்கிக்காரர்களிடமிருந்து கடிதம் வரும். ‘எங்கள் பிழைப்பில் மண் போடுகிறீர்கள்’ என்று போன முறை ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு ஆசையில்லை. கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்த எக்கோவை அணையுங்கள். போன பங்குனியில் ஒரு கிராமத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்க்கப் போயிருந்தேன். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் வள்ளி வந்தார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், தெளிவான குரல். பாடிய ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை எதிரொலித்து அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம்தான் அந்த நாடகத்துக்கே உயிர். அதில் ஒரு கேள்விகூட எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து போய் மைக்செட்காரரிடம் கெஞ்சினார். ‘கூட்டம் இதைத்தான் கேட்குது’ என்று பதில் வந்தது. கூட்டம் கேட்கவில்லை. கூட்டம் பாதி கலைந்துபோய் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தது. உங்கள் மகள் ‘கத்துது’ என்று சொல்ல வேண்டியது அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

சரி, சுந்தராம்பாளுக்கு வருகிறேன். 1926-ல் கொழும்பில் நாடகம் ஆடப் போன இடத்தில் பாட்டுக்குப் பேர்போன நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கல்யாணம். கிட்டப்பாவுக்கு அது முதல் கல்யாணம் இல்லை. இருவரும் சேர்ந்து நின்ற மேடைக்கு அன்றைய தமிழ்நாட்டில் ஈடு இல்லை. வீட்டு வாழ்க்கை அப்படி அமையவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை, பிரிவும் வந்தது. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சில் வந்தன. ஊரையே எழுந்து உட்காரவைத்த குரல் வீட்டுக்குள் எவ்வளவு தாழ்ந்து பேச வேண்டியிருந்தது என்பதை அவற்றில் பார்க்கலாம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை அவர் மாற்றவே இல்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

அந்த முடிவோடு ஒரு நடிகையின் தொழில் முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1935-ல் ‘நந்தனார்’ படம். ஆண் வேஷத்தில், நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். கேட்டு வந்த படக்காரர்களைத் திருப்பி அனுப்புவதற்காகத்தான் அவ்வளவு பெரிய தொகையைச் சொன்னார், அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 10 கிராம் தங்கம் சுமார் 30 ரூபாய்க்கு விற்ற காலம் அது. கணக்குப் போட்டால் முப்பத்துமூன்று கிலோ தங்கத்துக்கு மேல் வருகிறது. ரயிலில் காலணாவுக்குப் பாடிய அதே குரலுக்கு.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேஷங்களைப் பாருங்கள். மணிமேகலை, 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’, ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடி ஔவை, பிறகு காரைக்கால் அம்மையார். எல்லோரும் துறந்தவர்கள், தனியாக நடந்தவர்கள். ‘ஔவையார்’ வந்தபோது அவருக்கு வயது 45. அந்த வயதில் ஒரு பெண் ஒரு முழுப் படத்தைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவரைக் ‘கிட்டப்பாவின் மனைவி’ என்று ஒரே வரியில் அறிமுகம் செய்கிற கட்டுரைகள் இன்றும் என் மேஜைக்கு வருகின்றன. வரும்போதெல்லாம் அந்த வரியை அடித்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். கணவரோடு வாழ்ந்தது சில ஆண்டுகள். தனியாகப் பாடி நின்றது அதற்குப் பிறகு நாற்பத்தாறு ஆண்டுகள், 1980-ல் இறக்கும்வரை.

காங்கிரஸ் மேடைகளில் பாடியது, சட்டமன்ற மேலவை உறுப்பினரானது, 1970-ல் பத்மஸ்ரீ வாங்கியது எல்லாம் எங்கேயும் கிடைக்கிற செய்திகள். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1969-ல் வந்த ‘துணைவன்’ படத்துக்காகத் தேசிய விருது கொடுத்தார்கள். சிறந்த பின்னணிப் பாடகி என்று. அறுபது வயதில் அந்தக் குரலுக்கு விருது வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் எந்தக் கதாநாயகியின் வாயசைப்புக்கும் பின்னால் நின்று பேர் வாங்கியவர் இல்லை. முகமும் குரலும் ஒரே ஆளாக மேடையில் நின்றவர்களில் கடைசி வரிசை அது. அந்த வேலைக்கு நம் விருதுப் பட்டியலில் இன்றும் ஒரு பெயர் இல்லை.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, தெருவில் வண்டி போய்வருகிற நேரமாகப் பார்த்து, அவளை வாசற்படியில் நிற்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பிடித்த பாட்டாகவே இருக்கட்டும். மைக் வேண்டாம், கத்தவும் கூடாது. நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். முதல் நாலு வரியில் எத்தனை சொல் முழுசாக வந்து சேர்ந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அன்று சாயங்காலம், போனில் இல்லாமல் கொஞ்சம் பெரிய பெட்டியில், பத்தடி தள்ளி உட்கார்ந்து, அந்தப் பாட்டியின் பாட்டை அவளோடு சேர்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.