உருபனியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? கேட்கும் பெற்றோருக்கு

பட்டப்படிப்பை முடிக்கப்போகும் மகள், மொழியியலில் முதுகலை சேர்ந்து உருபனியலில் ஆய்வு செய்யப்போகிறேன் என்று உறுதியாகச் சொல்லும்போது உங்களுக்குக் கலக்கம் வருவது இயல்புதான். உருபனியல் என்ற பெயரில் தனிப்பட்டமோ தனி வேலையோ பொதுவாகக் கிடையாது. சொல் எந்தத் துண்டுகளால் ஆனது, அவை எந்த வரிசையில் சேரும், சேரும்போது எப்படி மாறும் என்று கற்பிக்கும் அந்தப் பாடம், முதுகலையில் பெரும்பாலும் ஒரு பருவத்துக்குரிய ஒரே தாள். அதனுடன் இரண்டாவதாக எதைக் கற்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் வேலை அமையும். (இணையத்தில் 'மார்ஃபாலஜி' என்று தேடினால் உயிரியலின் உருவியலும் சேர்ந்து வரும். துறையின் பெயர் மொழியியல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

பள்ளியில் இலக்கணத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கினாள், அதனால் இது ஒத்துவரும் என்று நம்பி இறங்குவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'படித்தான்' என்பதைப் படி + த் + த் + ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயர் சொன்னால் பள்ளியில் முழு மதிப்பெண். மொழியியல் வகுப்பிலோ, அந்த முதல் 'த்' தனியாக என்ன பொருள் தருகிறது என்று கேட்பார்கள். பொருளோ இலக்கணப் பயனோ தரும் மிகச் சிறிய துண்டுதான் உருபன். அவை இரண்டும் இல்லாத துண்டை உருபன் என்று கொள்வது கடினம். ஆகவே 'த்த்' முழுவதையும் ஒரே இறந்தகால உருபாகக் கொள்வது அங்கே வழக்கம். 'செய்தான்', 'வாழ்ந்தான்', 'ஓடினான்' என்பவற்றில் அதே இறந்தகாலம் த், ந்த், இன் என்று வருகிறது. எந்த வினைக்கு எது வரும் என்பதை ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? விளக்கு அணைந்தது, விளக்கை அணைத்தான். பகுதி ஒன்றுதான், உருபு வேறு. அப்படியானால் ஒலி போதாது, வினையின் வகையும் தெரிய வேண்டும். இப்படித் தரவிலிருந்து விதிக்குப் போய், விதிக்கு அடங்காத மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி தரவுக்குத் திரும்புவதுதான் இந்தப் படிப்பு. எது சரியான தமிழ் என்று தீர்ப்புச் சொல்வதும், சொல்லின் வேர் எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் வேறு வேலைகள்.

மகளிடம் நூறு வினைகளின் இறந்தகால வடிவங்களைக் கொடுத்து இரண்டு வாரத்தில் வகைப்படுத்தச் சொல்லுங்கள். எந்த வகையிலும் சேராத ஏழெட்டு வினைகள் அவளைத் தூங்கவிடாமல் செய்தால் இந்தத் துறை அவளுக்குப் பொருந்தும். 'விதிவிலக்கு' என்று எழுதி மூடிவைத்துவிட்டால், இலக்கியமோ மொழிபெயர்ப்போ படிப்பது நல்லது.

வேலை என்று பார்த்தால், மனித மொழியைக் கணினி கையாளச் செய்யும் கணினி மொழியியல்தான் அகலமான வாசல். 'வேலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது பணியாகவும் இருக்கலாம், வேல் + ஐ ஆகவும் இருக்கலாம். சொல்லைத் துண்டுகளாகப் பிரிக்கும் பகுப்பாய்விக் கருவியின் பணி இரண்டையும் காட்டுவது. சூழலைப் பார்த்து ஒன்றைத் தேர்வது அடுத்த கட்டம். ஃபின்லாந்தின் மொழியியலாளர் கிம்மோ கோஸ்கென்னியெமி 1983இல் முன்வைத்த இருநிலை உருபனியல் (துண்டுகளாக இருக்கும் நிலையையும் எழுத்தில் வரும் வடிவத்தையும் விதிகளால் இணைக்கும் முறை) இப்படிப் பகுப்பதற்கு வழி திறந்தது. அந்த மரபில் வந்த ஃபோமா, எச்எஃப்எஸ்டி ஆகிய கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழுக்கு முதல் முறை நிரல் எழுதுபவர் பெரும்பாலும் யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில், சிக்குவார். 'லை' என்பது அங்கே ல, அதன்மேல் ஐகாரக் குறி. 'ல்' என்றோ 'ஐ' என்றோ தனியாக எதுவும் இல்லை. உருபன் எல்லை எழுத்துக்கு நடுவில் விழுவதால், முதலில் உரையை மெய், உயிர் என்று பிரித்துவிட்டுத்தான் விதி எழுத வேண்டும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க முடியும் என்பதால், அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொற்கள் கணினிக்கு வேறு வேறாகிவிடும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கு அடிப்படையான இன்றைய பெரிய மொழி மாதிரிகள் சொற்களைப் பெரும்பாலும் புள்ளிவிவர அடிப்படையில் துண்டாக்குகின்றன. அந்த வெட்டு உருபன் எல்லையோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் விதி எழுத மட்டும் தெரிந்தவருக்கு இடம் சுருங்கிவிட்டது. தரவு குறைந்த மொழிகளுக்கு, இலக்கணக் குறிப்புகள் சேர்த்த உரைத்தொகுப்பு உருவாக்கவும், மாதிரி எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஆள் தேவைப்படுகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியும் அடிப்படைப் புள்ளியியலும் தெரியாமல் அங்கே நுழைவது கடினம்.

பேச்சு-மொழிச் சிகிச்சையை நினைத்து இதில் சேர்வது தவறு. குழந்தைகள் உருபுகளை எப்படிக் கற்கிறார்கள் என்று 1958இல் ஜீன் பெர்கோ இல்லாத சொற்களை வைத்துச் சோதித்த முறை இன்றும் வகுப்பில் வரும். ஆனாலும் சிகிச்சையாளர் ஆக மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியுள்ள தனிப்பட்டம் வேண்டும். அகராதிப் பணியும் மொழி ஆவணப்படுத்தலும் நல்ல பணிகள், பெரும்பாலும் திட்டக்காலம் வரைதான் சம்பளம். உதவித்தொகை உறுதியாகாமல் முனைவர் பட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சான்றிதழை விடச் செய்துகாட்டிய வேலைதான் நேர்காணலில் பேசும். இருபது பெயர்ச்சொற்கள், ஆறு வேற்றுமை உருபுகள், ஒருமை பன்மை என்று 240 வடிவங்களைப் பிழையின்றி உருவாக்கும் சிறு நிரல் நல்ல தொடக்கம். மரம் மரத்தை ஆவதைப் பார்த்து, மகரத்தில் முடிவதற்கெல்லாம் 'த்து' வரும் என்று எழுதினால் 'கிராம்' என்பது 'கிராத்தை' ஆகிவிடும். 'அம்' என்று நிபந்தனை போட வேண்டும். வீடு வீட்டை ஆகிறது, வண்டு வண்டை என்றே நிற்கிறது. கூடவே ஐம்பது வாக்கியங்களுக்கு லைப்சிக் விதிப்படி (மேல் வரியில் சிறுகோடிட்டுப் பிரித்த சொல், கீழ் வரியில் ஒவ்வொரு துண்டின் பொருள்) உருபன் வாரியாகக் குறிப்பு எழுதட்டும். மேல் வரியிலும் கீழ் வரியிலும் சிறுகோடுகளின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும்.

சேருமுன் துறையிடம் கேளுங்கள்: உருபனியல் தனித்தாளா, தொடரியலோடு சேர்ந்ததா? நிரலாக்கம் பாடத்திட்டத்தில் உண்டா? கள ஆய்வு கட்டாயமா? கடந்த மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் துறை சொல்லும் பதிலோடு நின்றுவிடாமல், முடித்தவர்களில் இருவரிடமாவது மகளே நேரில் பேசட்டும்.