முதல் பேரரசரின் கோயில்: பிப்ரவரி 11 அன்றே போக வேண்டுமா?

ஒரு வாசகியின் கேள்வி: "பிப்ரவரி இரண்டாவது வாரம் ஒசாகாவில் இருப்போம். ஜப்பானின் முதல் பேரரசர் ஜிம்முவுக்குக் கட்டிய காஷிஹாரா ஜிங்கூ என்ற ஷிந்தோ கோயிலுக்கு, அவர் அரியணை ஏறியதாகச் சொல்லும் 11ஆம் தேதியே போக ஆசை. கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. வெளிநாட்டவரை உள்ளே விடுவார்களா? எப்படிக் கும்பிட வேண்டும்? அரை நாள் போதுமா?"

தாராளமாகப் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. எந்த நாடு, எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் 11ஆம் தேதி வேண்டாம். அன்று தேசிய விடுமுறை. கோயிலின் பெரிய விழாவும் அன்றுதான். அரண்மனையிலிருந்து தூதர் வருவார், அழைப்பு பெற்றவர்கள் திரளுவார்கள். வலதுசாரி அமைப்புகள் ஒலிபெருக்கி வண்டிகளோடு வருவதும் வழக்கம். வயதான அம்மாவை அந்த நெரிசலில் நிறுத்தி வைக்காதீர்கள். 12ஆம் தேதி காலை போங்கள், அதே இடம் அமைதியாக இருக்கும்.

அந்தத் தேதியைத் தவறவிட்டோமே என்று வருந்தவும் வேண்டாம். ஜிம்மு கி.மு. 660ல் அரியணை ஏறினார் என்பது கி.பி. 720ல் எழுதி முடிந்த 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூல் தரும் கணக்கு. நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. கி.பி. 601லிருந்து அப்படி 21 சுற்று, அதாவது 1260 ஆண்டு, பின்னால் எண்ணி இந்த ஆண்டைப் பிடித்தார்கள் என்பது அறிஞர்களிடையே பிரபலமான விளக்கம். பிப்ரவரி 11 என்று முடிவானது 1873ல், ஜப்பானை நவீனமாக்கிய மெய்ஜி அரசின் காலத்தில். ஜிம்முவை வரலாற்று மனிதராக இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

கோயிலும் 1890ல் நிறுவியதுதான். பழங்கதை சொல்லும் அரண்மனை உனெபி மலையடிவாரத்தில் இருந்தது என்பதால் அங்கேயே எழுப்பினார்கள். கருவறைக் கட்டடம் மட்டும் சற்று மூத்தது: 1855ல் கியோத்தோ அரண்மனைக்காகக் கட்டியதை இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். 2600 வருடப் பழமையைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு நவீன அரசு தன் தொடக்கக் கதைக்கு எப்படி மரத்தாலும் கல்லாலும் உருவம் கொடுத்தது என்று பார்க்கப் போனால், இதைவிடப் பொருத்தமான இடம் ஜப்பானில் இல்லை என்பேன்.

சரி, வழி. தென்னோஜி பக்கத்திலுள்ள ஒசாகா அபெனோபாஷியிலிருந்து கிந்தெத்சு எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் முக்கால் மணி நேரம். காஷிஹாராஜிங்கூமாயே ஸ்டேஷனில் இறங்குங்கள். இது தனியார் ரயில், வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜே.ஆர். பாஸ் செல்லாது. அங்கிருந்து பத்து நிமிட நடை. சமதரைதான், ஆனால் தோரி என்ற தோரண வாசலைத் தாண்டியதும் பாதை முழுக்கச் சரளைக்கல். கால் வைத்தால் கல் நறநறவென்று நகரும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் சிரமம். பாதம் முழுதும் மூடிய, அடிப்பாகம் தடித்த ஷூ போடச் சொல்லுங்கள். கைத்தடி இருந்தால் நல்லது. ஷூவைக் கழற்ற வேண்டியதில்லை. குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் மட்டும் போதாது.

நுழைந்ததும் தண்ணீர்த் தொட்டி. அகப்பையால் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை. அப்புறம் இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. வெளி வழிபாட்டு மண்டபத்தில் காணிக்கைப் பெட்டியில் நாணயம் போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் மூலவரைத் தேடாதீர்கள். பார்த்துக் கும்பிடச் சிலை கிடையாது. மண்டபத்துக்கு அப்பால் விரிந்த முற்றம், அதன் கோடியில் உள் மண்டபம், பின்னால் மலை. பொதுமக்களுக்கு அவ்வளவுதான் காட்சி. அங்கே சற்று நேரம் நில்லுங்கள்.

அரை நாள் போதும், ஆனால் வந்த வழியே திரும்பாதீர்கள். வடக்கே பத்து நிமிடம் நடந்தால் ஜிம்முவின் சமாதி. 1863ல் இதுதான் இடமென்று முடிவுசெய்து சீரமைத்தார்கள். மரம் அடர்ந்த மேடு, முன்னால் தோரி. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அதற்கும் கிழக்கே தொல்லியல் அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). ஜிம்மு அரியணை ஏறி 2600 ஆண்டு ஆனதாக 1940ல் நடந்த கொண்டாட்டத்துக்காகக் கோயில் வளாகத்தை விரிவாக்கத் தோண்டியபோது ஜோமோன் என்ற தொல்பழங்காலத்துப் பானைகளும் மண் உருவங்களும் ஏராளமாகக் கிடைத்தன. மன்னரின் கதைக்காகத் தோண்டிய இடத்தில், அந்தக் கதைக்குள் வராத மக்கள் வெளிப்பட்டார்கள்! நேரம் குறைந்தால் சமாதியை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். அம்மாவும் உட்கார்ந்து இளைப்பாறலாம். பக்கத்திலேயே உனெபிகோர்யோமாயே ஸ்டேஷன். வடக்கே யமாத்தோ யாகி போய் ரயில் மாறினால் ஒசாகா.