பித்தளை எஞ்சினை ஓட்டலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஒஹாயோவுல இருந்து எழுதுறேன். எங்க தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டார், அவர் வீட்டு சாமானை எல்லாம் வித்தப்ப ஒரு பித்தளை மாடல் ரயில் ஸ்டீம் எஞ்சின் வாங்கினேன். எச்ஓ சைஸ் (நிஜத்துல 87ல ஒரு பங்கு), சக்கரம் 2-8-2 அமைப்பு. பெட்டி மேல பசிபிக் ஃபாஸ்ட் மெயில், யுனைடெட், ஜப்பான்னு போட்டிருக்கு. பெயின்ட் இல்ல, அப்படியே தங்கம் மாதிரி மின்னுது. பெட்டிக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. பையனோட ட்ரெயின் செட் தண்டவாளத்துல வெச்சுப் பார்த்தேன், நேரா போறப்ப முக்கி முக்கிப் போகுது, வளைவு வந்ததும் நின்னுடுது, பவர் பேக்ல லைட்டும் அணைஞ்சிடுது. ஹாபி கடையில காட்டினா, இதெல்லாம் ஓட்டக்கூடாது, கண்ணாடிப் பெட்டியில வெச்சுடுங்க, ஓட்டினா விலை போயிடும்ங்கிறாங்க. கறுப்பு பெயின்ட் அடிச்சு, டிகோடர் (டிஜிட்டலா எஞ்சினை ஓட்டுற சின்ன சர்க்யூட்) போட்டு பையன்கூட ஓட்டணும்னு ஆசை. செய்யலாமா? பேர் போட வேணாம் அண்ணா.

அன்புள்ள தம்பி,

ஓட்டு. கடைக்காரர் சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா இன்னைக்கு ஓட்டாத, இப்ப இருக்கிற நிலைமையில கரன்ட் குடுக்கிறதையே நிறுத்து, ஒவ்வொண்ணா பாத்துட்டு ஓட்டலாம்.

முதல் வேலையா எஞ்சினை அந்த ஸ்பாஞ்சுல இருந்து வெளிய எடு. அது பாலியுரித்தேன் ஃபோம், வருஷக்கணக்கா காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு இப்படித்தான் பிசினாப் போகும், பித்தளை மேல அடிச்சிருக்கிற க்ளியர் லேக்கர்ல ஒட்டிக்கிட்டு கறையா நின்னுடும். பெட்டியைத் தூக்கிப் போட்டுடாத, ஃபோமை மட்டும் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு வெட்டி வை, எஞ்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஒரு பாலித்தீன் ஷீட் போடு. சும்மா வெச்சிருந்தா பத்திரமா இருக்கும்னு சொல்றாங்களே, அதுக்கு இந்த ஸ்பாஞ்சே பதில். உள்ள கியர்ல இருக்கிற கிரீஸ் மெழுகா இறுகிப் போயிருக்கும், மோட்டாரையும் கியரையும் சேக்கிற ரப்பர் ட்யூப் கெட்டியாகி வெடிச்சிருக்கும், இதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சாலும் நடக்கத்தான் போகுது.

கடைக்காரர் விலைன்னு ஒண்ணு சொன்னாரே, அதையும் சொல்லிடறேன். இதுங்களை முதலீடா வாங்கி அடுக்கின காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் கொரியாவுல இருந்து இதைவிட நுணுக்கமா வந்துச்சு, 2000க்கு அப்புறம் சவுண்டோட நல்ல பிளாஸ்டிக் எஞ்சின் வந்துச்சு, சேத்து வெச்சவங்களுக்கு வயசாகி கலெக்‌ஷன் எல்லாம் சந்தைக்கு வந்துகிட்டே இருக்கு. ரொம்ப அரிதான சில மாடலுக்கு இன்னும் மதிப்பு இருக்கு, ஆனா உன்னோடது மாதிரி நிறைய வித்த அந்தக் காலத்து மிக்காடோவை (2-8-2 எஞ்சினுக்கு அதான் பேரு) வெச்சு பையன் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. அப்ப எதுக்குப் பூட்டி வைக்கணும்?

இது எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், தெரிஞ்சுகிட்டா நீ அதைத் தொடுற விதமே மாறும். போர் முடிஞ்சு அமெரிக்க ராணுவம் ஜப்பான்ல இருந்த காலத்துலதான் இதுக்கு விதை விழுந்துச்சு, டோக்கியோ கின்சாவுல டென்ஷோடோன்னு வாட்ச், நகை விக்கிற பழைய கடை, 1949ல மாடல் ரயிலுக்குள்ள வந்தாங்க. அதே 1949ல ஒரு டாலருக்கு 360 யென்னு விகிதத்தைக் கட்டி வெச்சாங்க, 1971 வரைக்கும் அது அசையல. கையால செய்யுற இவ்வளவு வேலையை அமெரிக்காவுல ஒரு சாதாரண ஆள் வாங்க முடிஞ்சதுக்கு பெரிய காரணம் அந்த 360தான், அது உடைஞ்சு யென் ஏற ஏற வேலை மெல்ல மெல்ல கொரியா பக்கம் போயிடுச்சு. உன் பெட்டியில இருக்கிற பசிபிக் ஃபாஸ்ட் மெயில், பில் ரயன் நடத்தின இறக்குமதி கம்பெனி, வாஷிங்டன் மாநிலத்துல எட்மண்ட்ஸ் ஊர்ல இருந்துச்சு. எஞ்சினை செஞ்சது அவங்க இல்ல.

பித்தளை ஏன்னு கேட்டா, பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு வெட்டணும், அந்தச் செலவு திரும்பி வர ஆயிரக்கணக்குல விக்கணும். பித்தளைத் தகட்டை வெட்டி, ரிவெட்டை உள்பக்கத்துல இருந்து அழுத்தி எழுப்பி, பாய்லரை உருட்டி, ஏர் பம்ப், மணி மாதிரி சின்ன உருப்படிங்களை மெழுகு அச்சுல வார்த்து ஈயப்பத்து வெச்சு சேத்தா, சில நூறு செஞ்சாலே கட்டுப்படி ஆகும். அமெரிக்காவுல ஒவ்வொரு ரயில்வே கம்பெனியோட எஞ்சினும் தனித்தனி முகம், ஒருத்தன் மணியை முன்னாடி தொங்க விடுவான், இன்னொருத்தன் பாய்லர் மேல வைப்பான். நிஜ ஸ்டீம் எஞ்சினை எல்லாம் உடைச்சு இரும்புக்குப் போட்டுகிட்டிருந்த வருஷங்கள் அது, பிடிவாதமா ஸ்டீம்லயே ஓட்டின நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன்கூட 1960ல நிறுத்திட்டாங்க. சின்ன வயசுல தன் ஊர் வழியா போன எஞ்சின் கண்ணு முன்னாடி காணாமப் போறப்ப, அதே எஞ்சின், அதே மணி அதே இடத்துல, 87ல ஒரு பங்கா ஜப்பான்ல இருந்து வந்தா அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு.

யுனைடெட்னு ஜப்பான் கம்பெனி பேரு இருக்கு, ஆனா அதைக் கையால செஞ்ச ஆளுங்க பேரு பெட்டியில கிடையாது, எனக்கு இதுதான் எப்பவும் மனசுல நிக்கும். அந்த ஆளோட வேலையைப் பாக்கணும்னா எஞ்சினைத் திருப்பி அடியில பாரு. பெரிய சக்கரத்தோட அச்சு ஒவ்வொண்ணும் தனித்தனி பேரிங் பிளாக்ல, பொடி ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும், விரலால அழுத்தினா இறங்கி ஏறும். தண்டவாளம் கொஞ்சம் மேடு பள்ளமா இருந்தாலும் எல்லா சக்கரமும் தொட்டுகிட்டே போகட்டும்னு வெச்சது. ஷெல்ஃபுல நிக்கப்போற பொருளுக்கு எவனும் ஸ்பிரிங் வைக்க மாட்டான்.

சரி, உன் வளைவுப் பிரச்சனை. பழைய பித்தளை எஞ்சின்ல ஒரு பக்க தண்டவாளத்துல இருந்து எஞ்சின் சக்கரம் கரன்ட் எடுக்கும், எதிர்ப் பக்கத்துல இருந்து டெண்டர் (எஞ்சின் பின்னாடி வர்ற நிலக்கரி, தண்ணி வண்டி) எடுக்கும், அதாவது எஞ்சின் உடம்பு முழுக்க ஒரு முனை, டெண்டர் உடம்பு முழுக்க இன்னொரு முனை, ரெண்டும் பித்தளை. நடுவுல ரெண்டையும் கோக்கிற டிராபார் மட்டும் இன்சுலேட் பண்ணி இருக்கும். குழந்தைங்க செட்டுல வர்ற வளைவு பெரும்பாலும் 18 இன்ச் ரேடியஸ், அதுல திரும்புறப்ப டெண்டரோட முன் மூலை கேபினோட பின் பக்கத்துல இடிக்கும், இடிச்சா ஷார்ட், பவர் பேக் லைட் அணையும். இல்லன்னா முன்னாடி இருக்கிற சின்ன சக்கரம் சிலிண்டர்ல உரசும், அதுவும் ஷார்ட்தான். எதுன்னு கண்டுபிடிக்க ரூம் லைட்டை அணைச்சுட்டு ஒரே ஒரு தடவை மெதுவா வளைவுல விடு, எங்க பொறி பறக்குதோ அங்கதான். டிராபார்ல ரெண்டு ஓட்டை இருந்தா தள்ளி இருக்கிறதுல மாட்டு. ஆனா உண்மையான வைத்தியம் பெரிய வளைவு, 24 இன்ச்சுக்கு குறையாம போடு, 30 போட இடம் இருந்தா ரொம்ப நல்லது.

முக்கி முக்கிப் போறது கிரீஸ் வேலை. இதுல ஒரு எச்சரிக்கை, சக்கரத்தைக் கையால சுத்தவே சுத்தாத. உள்ள இருக்கிறது வார்ம் கியர் (திருகு மாதிரி கியர்), மோட்டார் சக்கரத்தை சுத்தும், சக்கரம் மோட்டாரை சுத்தாது, பலவந்தம் பண்ணினா சக்கரம் அச்சுல திரும்பிடும், அப்புறம் சக்கரங்களைச் சேத்து இழுக்கிற ரெண்டு பக்க ராடுக்கும் நடுவுல இருக்கிற 90 டிகிரி போய் எஞ்சின் நொண்ட ஆரம்பிச்சிடும், அதைச் சரி பண்றது பெரிய பாடு. பாடியைக் கழட்டி, கியர் மூடியைத் திறந்து, பழைய கிரீஸை பல்குத்தியால எடுத்துட்டுத் துடை, சால்வன்ட் எதுவும் பாடி பக்கம் போகவிடாத, லேக்கர் வெளுத்துடும். கியர்ல புது கிரீஸ் கொஞ்சம், அச்சுலயும் ராடுலயும் ஊசி முனை அளவு மெல்லிசு எண்ணெய், மோட்டார் கம்யூட்டேட்டர் (கரன்ட் வாங்குற சுத்துற செம்பு உருளை) மேல எண்ணெய் படவே கூடாது. ரப்பர் ட்யூபுக்கு பதிலா அதே அளவு சிலிக்கான் ட்யூப் போடு. மோட்டார்ல இருக்கிற காந்தத்தை மட்டும் கழட்டிடாத, அந்தக் காலத்து காந்தத்தை ஃப்ரேமை விட்டு எடுத்தாலே சக்தி இறங்கிடும். அப்புறம் ரயில் பெட்டி எதுவும் மாட்டாம முன்னாடி கால் மணி, பின்னாடி கால் மணி மெதுவா ஓடட்டும். சத்தம் மாறி வர்றது உனக்கே கேக்கும்.

பெயின்ட்? அடி. நிஜத்துல எந்த மிக்காடோவும் தங்க நிறத்துல சரக்கு இழுக்கல, வாங்குறவங்க அவங்கவங்க ரயில்வேக்கு ஏத்த மாதிரி அடிச்சுக்கட்டும்னுதான் பெரும்பாலும் பெயின்ட் இல்லாம அனுப்பினாங்க. ஆனா எஞ்சின் நல்லா ஓடுற வரைக்கும் பிரஷ்ஷைத் தொடாத, ரிப்பேருக்கு கழட்டி மாட்டினா எல்லாம் பேந்துடும். டெண்டர் போகி (அடியில இருக்கிற சக்கரத் தொகுதி) உக்கார்ற இடம், டிராபார், சக்கரத்தோட ஓடுற பரப்பு, இங்கெல்லாம் பெயின்ட் பட்டா கரன்ட் வராது, டேப் ஒட்டி மறைச்சுடு.

டிகோடர் கடைசி. இந்த ஓபன் ஃப்ரேம் (மூடாத) மோட்டார்ல கரன்ட் குடுக்கிற ஒரு கார்பன் பிரஷ் நேரா ஃப்ரேமோட சேந்திருக்கும், அதைப் பிரிக்காம டிகோடர் போட்டா முதல் நிமிஷமே புகையும். அதோட சக்கரம் சிக்கி நின்னா ஒரு ஆம்பியருக்கு மேல இழுக்கும், சின்ன டிகோடர் தாங்காது. அதனால இப்போதைக்கு சாதா டிசியிலயே பையன்கூட ஓட்டு. டிகோடர் வேணும்னே தோணினா புது கேன் மோட்டார் (மூடின மோட்டார்) போட்டுக்கலாம், பழசை உறையில போட்டு அதே பெட்டியில வெச்சுடு. எஞ்சினோட அடிப்பக்கம், டிராபார், டெண்டர் போகி மூணையும் கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்பு, ஷார்ட் எங்கன்னு நானும் பாக்குறேன்.

அன்புடன்,
அண்ணன்