வாசகர் கேள்வி-பதில்: ஒரே ஊரில் இரண்டு ராத்திரி

மே மாதம் பிறந்து மழை விட்டதும் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரீயூனியன் தீவில் யாருக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது. இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தீவின் நடுவே மலைகளுக்குள் இருக்கும் மஃபாத் பள்ளத்தைப் பற்றித்தான், அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

*போன வருடம் குடும்பத்தோடு ரீயூனியன் வந்து, கொல் தே பே கணவாய் வழியாக லா நூவெல் போனோம். வழி நெடுக ஆட்கள், ஊருக்குள்ளும் ஆட்கள், சாப்பாட்டுக்கு வரிசை. அமைதியான மலைக்கிராமம் என்றார்களே, அது எங்கே? — வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்*

நீங்கள் முன்வாசல் வழியாகப் போயிருக்கிறீர்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கான சலாஸி பக்கமிருந்து கார் கிட்டத்தட்ட கணவாய் வரைக்கும் ஏறிவிடுகிறது, அங்கே காரை விட்டால் இரண்டு மணி நேரத்தில் லா நூவெல், வேண்டுமானால் அன்றைக்கே திரும்பி வீட்டுக்குப் போய்க் குளித்துவிடலாம். இவ்வளவு வசதி இருக்கிற இடத்தில் கூட்டம் இல்லாமல் எப்படி இருக்கும்? இன்னொரு பக்கத்து மலையூரான சிலாவோஸிலிருந்து தைபி கணவாய் தாண்டி மார்லா போகிற வழியும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. தீவைக் குறுக்கே கடக்கும் நெடும்பாதைக்காரர்கள் எல்லாம் அந்த இரண்டு ஊரிலும்தான் இரவு தங்குகிறார்கள். அக்டோபரில் நடக்கும் கிராண்ட் ரெய்ட் ஓட்டம் 160 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மஃபாத் வழியாகத்தான் போகிறது. அந்த வாரம் மட்டும் வராதீர்கள்.

மஃபாதுக்குள் சாலையே கிடையாது, இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுற்றிலும் செங்குத்துச் சுவர், உள்ளே பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் ஆங்காங்கே மேசை போட்ட மாதிரி துண்டு துண்டாகச் சமநிலம். அந்தத் துண்டுகளைத்தான் இங்கே ஈலே என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சில வீடுகள், மொத்தமாகச் சேர்த்தால் எழுநூறு எண்ணூறு பேர் இருப்பார்கள். லா நூவெலும் மார்லாவும் மேல் மஃபாத். நீங்கள் தேடுவது கீழ் மஃபாதில் இருக்கிறது: ஒரேர், ஈலே ஆ மலேர், ஈலே ஆ பூர்ஸ், கிராண்ட் பிளாஸ், கயேன். கடற்கரைப் பக்கமிருந்து கலே ஆற்றுப் படுகை வழியாக நான்கு சக்கர ஜீப்பில் த்யூ பிரா வரை போய், அங்கிருந்து ஒரேருக்கு ஏற வேண்டும். 600 மீட்டருக்கு மேல் ஏற்றம், வெயில் முதுகில் விழும், கூட்டம் வராததற்கு அதுதான் காரணம். வெயில் ஆகாதென்றால் சலாஸி பக்கம் போர் மார்த்தானிலிருந்து இறங்கியும் ஒரேர் போகலாம். வழியில் சில இடங்களில் ஒரு பக்கம் வெறும் பள்ளம், தலைசுற்றல் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வழியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, எல்லோரும் கோட்டை விடுவது அதில்தான். தினம் ஓர் ஊர் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஒரே ஊரில் இரண்டு ராத்திரி தங்குங்கள். முதல் நாள் நமக்குக் குளிக்கவும் காலைப் பிடித்துவிடவும்தான் நேரம் இருக்கும், ஊரைப் பார்க்கவே மாட்டோம். நான் ஒரேரில் தங்கியபோது இரண்டாம் நாள் காலை என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு கூடை சூஷூ கீரையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார் (சூஷூ என்றால் நம்மூர் சௌசௌதான், அதன் கொழுந்தை இங்கே கீரையாக வதக்குவார்கள்). உரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தோம். அடுப்பங்கரை ஓரத்தில் ஒரு சின்ன மரம், அதைக் காட்டி "கலுபிலே" என்றார். கறிவேப்பிலை! எங்கள் ஊரில் இப்படிச் சொல்வோம் என்றேன். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் வார்த்தையை நீட்டி நீட்டிக் கெடுத்துவிட்டீர்கள் என்று சிரித்தார். கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி, முருங்கை மூரூங்க். இதெல்லாம் எந்த வழிகாட்டிப் பலகையிலும் இருக்காது, இரண்டாம் நாள்தான் வெளியே வரும்.

*மஃபாதில் நம் ஆட்கள் இருக்கிறார்களா? கோயில் உண்டா? — வாசகி, காரைக்கால்*

கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம்மவர்கள் இறங்கியது கரும்புத் தோட்டங்களில், அதாவது கடலோரத்தில். கோயில்களும் அங்கேதான்: சேன் ஆந்த்ரே, சேன் பியேர், சேன் போல். மலை வேறு ஆட்களுடையது. தோட்டத்திலிருந்து தப்பி ஓடிய அடிமைகள்தான் முதலில் அங்கே போய் ஒளிந்தார்கள், மரோன்கள் என்று பெயர். மஃபாத் என்பதே அப்படி ஓடிப்போன ஒரு தலைவனின் பெயர். அவர்களை வேட்டையாட ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1848 டிசம்பர் 20-இல்தான் அடிமை முறை இங்கே ஒழிந்தது. பிறகு நிலம் இல்லாத ஏழை வெள்ளைக்காரர்களும் மலையேறினார்கள். ஆகவே அந்த அமைதி இயற்கை நமக்காக ஏற்பாடு செய்து வைத்ததல்ல, யாரும் எட்டிப் பிடிக்க முடியாத இடம் வேண்டும் என்று உயிருக்குப் பயந்தவர்கள் தேடிப்பிடித்தது. அங்கே ஒரு வீட்டு முற்றத்தின் குறுக்கே பாதை போனால் "போன்ழூர்" சொல்லாமல் கடக்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம்.

புளி பற்றி ஒரு வார்த்தை. கொல் தே பே தாண்டியதும் பிளேன் தே தமரேன் என்று ஒரு காடு வரும். தமரேன் என்றால் புளி ஆயிற்றே, குழம்புக்கு நாலு காய் பறிக்கலாம் என்று முதல் தடவை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். அது இந்தத் தீவுக்கே உரிய ஒருவகை அக்கேசியா, வேலமரத்துக்குத் தூரத்து உறவு. சூறாவளியில் சாய்ந்தும் சாகாமல் படுத்தபடியே வளரும் அழகான மரம்தான், குழம்புக்கு ஆகாது.

*எனக்கு 61 வயது, முட்டியில் வலி. மைதோவிலிருந்து ரோஷ் பிளாத்துக்கு இறங்கலாம், இறக்கம்தானே என்கிறான் மகன். போகலாமா? — வாசகி, சேன் தெனி*

மகனை மட்டும் அனுப்புங்கள். இறக்கம்தானே என்று சொல்பவர்கள் எல்லாம் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள். மைதோ மஃபாதின் மேல் விளிம்பு, ரோஷ் பிளாத் உள்ளே கீழே இருக்கிற ஊர். அது சுமார் 1,000 மீட்டர் இறக்கம், முக்கால்வாசியும் படிக்கட்டு மாதிரி கல். நான் புதுக் காலணி போட்டுக்கொண்டு இறங்கினேன், என் முட்டாள்தனம், இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்துப்போய் ஒரு மாதத்தில் விழுந்துவிட்டன. மறுநாள் வீட்டுப் படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. இறங்கினால் மட்டும் போதாது அம்மா, அங்கிருந்து வெளியே வருவதற்கு ஒரு ஏற்றம் பாக்கி இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது சிலாவோஸ் பக்கம் ஈலே ஆ கோர்த், இல்லையென்றால் பிரா செக். இரண்டுக்கும் சாலை உண்டு, சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் சிலாவோஸ் கடைத்தெருவோடு நின்றுவிடுவார்கள். ஈலே ஆ கோர்த்தில் பருப்பு வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் உண்டு, சிலாவோஸ் பருப்பு என்று தீவு முழுக்க விலை வைத்து விற்கிறார்களே, அது அங்கே விளைவதுதான். காலையில் வயல் ஓரமாக ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், முட்டிக்கு அது போதும். சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் ஏறும் சாலைக்கு 400 வளைவுச் சாலை என்று பெயர், பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

*பாம்பு இருக்குமா? — வாசகர், விழுப்புரம்*

விஷப் பாம்பு கிடையாது. புலி, சிறுத்தை, யானை எதுவும் கிடையாது. தெக்-தெக் என்று ஒரு சின்னக் குருவி கூடவே வரும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 2007 பிப்ரவரியில் இந்தத் தீவின் கொமெர்சோன் எரிமலை வாய்ப் பகுதியில் 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் பெய்தது, உலக சாதனை அது. சென்னையில் இரண்டு வருடம் பெய்தாலும் அவ்வளவு சேராது. மே முதல் அக்டோபர் வரை வாருங்கள், அப்போதும் மலையில் மழை பெய்திருந்தால் கலே ஆற்றைக் கடக்க முயலாதீர்கள், முழங்கால் அளவுதானே என்று இறங்குகிறவர்களைத்தான் இழுத்துக்கொண்டு போகும். கிளம்பும் முன் வனத்துறை வெளியிடும் பாதைப் பட்டியலைப் பாருங்கள், மூடிய பாதை என்றால் மூடியதுதான், கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பதினொரு மணிக்குள் ஊர் சேரலாம், அதற்குப் பிறகு மூட்டம் ஏறி எதிரே வருபவரே தெரியாது. அவசரத்துக்கு 112, ஆனால் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். உள்ளே ஏடிஎம் இல்லை, கையில் யூரோ நோட்டாக வைத்திருங்கள். அப்புறம் விழுப்புரத்திலிருந்து வருவதானால் ஒன்று: ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் சேராது. பாரிஸ் போக வாங்கிய விசா கையில் இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள், முதலில் தூதரகத்தில் கேளுங்கள்.

*சென்ற இதழில் ஹெலிகாப்டர் சத்தம் மஃபாதைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஹெலிகாப்டர் இல்லையென்றால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? — வாசகர், சேன் பியேர்*

நியாயம். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, சிமெண்ட் எல்லாம் அதில்தான் வருகிறது, நோயாளியை ஏற்றிப் போவதும் அதுதான். தபால் மட்டும் பல காலம் காலால் போனது: இவ்ரேன் போசே என்ற தபால்காரர் 1951 தொடங்கி ஏறத்தாழ 40 வருடம் அந்த ஊர்களுக்கெல்லாம் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் குறை சொன்னது மேலே வட்டமடித்துப் படம் பிடிக்கிற சுற்றுலா ஹெலிகாப்டரை, அதைத் தெளிவாக எழுதாதது என் தவறு. அந்தக் குறையில் மாற்றமில்லை.

*நாங்கள் சைவம். மலையில் பட்டினிதானா? — வாசகர், சேன் ஆந்த்ரே*

சோறு இருக்கிறது, பயறு இருக்கிறது, கீரை இருக்கிறது, தக்காளி ருகாய் இருக்கிறது (ருகாய் நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள்). பிறகென்ன பட்டினி? பயறில் மட்டும் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் என்று பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தால் கோழி சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்பார்கள். "கரேம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தீமிதிக்கும் காவடிக்கும் மல்பார்கள் (இங்கே நம் வம்சாவளியினருக்கு அதுதான் பெயர்) விரதம் இருப்பதை இந்தத் தீவில் பார்க்காதவர்கள் கிடையாது, முட்டைகூட வைக்க மாட்டார்கள். இடம் பதிவு செய்யும்போதே போனில் சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் கோழி சட்டியில் ஏறியிருக்கும்.